சாஃப்ட் மேட்டரில் கோட்பாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். சாஃப்ட் மேட்டர் (பாலிமர், ஜெல், திரவப் படிகம் போன்ற மிருதுவான பொருட்களின் இயற்பியல்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதில் கோட்பாட்டு ஆய்வுக்குப் போக ஆசை. "லேப் வேலை தெரிந்தாலாவது பரவாயில்லை, பேப்பரில் கணக்குப் போட்டால் யார் சம்பளம் தருவார்?" என்கிறார்கள் வீட்டில். இப்போதே எதைத் தொடங்குவது?

ஒரு மாணவி, உசிலம்பட்டி

அன்புள்ள மாணவிக்கு,

வீட்டில் கேட்பது நியாயம். எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்தாறு வருடம், பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, மூன்று நான்கு வருடம். நிரந்தர வேலை கிடைக்க முப்பதைத் தாண்டிவிடும், அதுவும் உறுதியில்லை. ஆனால் பிஎச்.டி. காலத்தில் கைக்காசு போடத் தேவையில்லை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள். மதுரையிலேயே எம்.எஸ்சி. முடித்தாலும் குறையில்லை, ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் கைவசம் இருந்தால் போதும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தை மனதில் வையுங்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று எஸ். சந்திரசேகர் (நோபல் பெற்ற வானியற்பியலாளர் அல்ல, வேறொருவர்) குழு 1977இல் காட்டியது அங்கேதான்.

இனி வேலை. இந்தத் துறையின் அளவுகோல் கேடி (kT), அதாவது போல்ட்ஸ்மான் மாறிலி பெருக்கல் வெப்பநிலை. அறை வெப்பத்தில் சுமார் 4 பிக்கோநியூட்டன் நானோமீட்டர். எந்த ஆற்றலைப் பார்த்தாலும் அது எத்தனை கேடி என்று கேட்கப் பழகுங்கள். தண்ணீரில் மிதக்கும் ஒரு மைக்ரான் விட்டமுள்ள குட்டி உருண்டை மணிக்கு, ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி விரவல் மாறிலி (டிஃப்யூஷன், D) ஏறக்குறைய வினாடிக்கு 0.5 சதுர மைக்ரான். ஒரு வினாடியில் ஒரு திசையில் சுமார் ஒரு மைக்ரான் அலையும், தன் விட்டம் அளவுக்கு. இதைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு பைதானில் எழுதுங்கள்: இரண்டு பரிமாணம், 1000 மணிகள், 10,000 படிகள். ஒவ்வொரு படியிலும் எக்ஸ், ஒய் இரண்டோடும் √(2Dδt) பெருக்கல் ஒரு காசியன் ரேண்டம் எண்ணைக் (சராசரி 0, மாறுபாடு 1) கூட்டுங்கள்; δt என்பது ஒரு படியின் நேரம். சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வு 4D வர வேண்டும்.

வராது, முதல் தடவை. சாய்வு மூன்றில் ஒரு பங்காக இருந்தால், காசியனுக்குப் பதில் −1 முதல் 1 வரை சீரான ரேண்டம் எண் போட்டிருப்பீர்கள். அதன் மாறுபாடு 1/3. δtஐ மாற்றும்போதெல்லாம் விடையும் மாறினால் வர்க்கமூலம் விட்டுப்போயிருக்கும். கோடு ஏறி ஏறிச் சட்டென்று தட்டையானால், பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறும் மணியை மறுபக்கம் நுழைத்து, அப்படி எல்லைக்குள் மடக்கிய ஆயத்தை (எக்ஸ், ஒய் மதிப்பை) கொண்டு இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டிருப்பீர்கள்; மடக்காத ஆயத்தைத் தனியாகச் சேமிக்க வேண்டும். பிழை எங்கே என்பதை வரைபடத்தின் வடிவமே காட்டிக்கொடுக்கும். கோட்பாட்டாளரின் பாதி நாள் இதில்தான் போகிறது, இது கேவலமான வேலை இல்லை.

அடுத்து ஜிகர்தண்டா கடைக்குப் போங்கள். அங்கே போடும் பாதாம் பிசின் இரவெல்லாம் ஊறிப் பல மடங்கு பருக்கிறது. தண்ணீரோடு கலக்கத் துடிக்கும் பாலிமர் சங்கிலிகளை இடையிடையே உள்ள பிணைப்புகள் இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டும் சமனாகும் இடத்தில் பருமன் நிற்கிறது. சங்கிலியில் மின்னூட்டம் இருந்தால், உப்புத் தண்ணீரில் உப்பல் குறைய வேண்டும். ஒரு கிராம் பிசினை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை ஒரு சதவீத உப்புக் கரைசலிலும் ஊறப்போட்டு, மேல்நீரைத் துணியால் ஒற்றியெடுத்து எடை பாருங்கள். ஒற்றாமல் நிறுத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரே கணக்கைக் கெடுக்கும். எடையை எடுக்கும் முன் எத்தனை மடங்கு குறையும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.