அப்பத்தா படத்திறப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பத்தா காலமாகி வரும் மாசியில் ஓராண்டு. திதி முடிந்ததும் எங்கள் பழைய வீட்டு வளவிலேயே (உள்முற்றத்தில்) படத்திறப்பு வைக்கிறோம். கடைசி வரை கொட்டான் (பனையோலைக் கூடை) முடைந்தவர் என்பதால் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கொட்டான் கொடுத்து, திரையில் படங்கள் ஓட்டி, பிள்ளைகள் பேச ஆசைப்படுகிறோம். ‘சிவபுராணம் படித்தால் போதும்’ என்கிறார்கள் பங்காளிகள். என்ன செய்ய?
– வாசகி, காரைக்குடி

பதில்: சிவபுராணம் 95 அடி. கூடிப் படித்தால் பத்து நிமிடம் ஆகும். ஒரு வரியும் விடாமல் படித்து, படம் திறந்து, பூப் போட்ட பிறகு பேச்சை வையுங்கள். பெரியவர்கள் மனம் கோணாது.

நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ‘பாசமானவர், உழைப்பாளி’ என்பது எந்த அப்பத்தாவுக்கும் பொருந்தும். ஓலைக்கு என்ன சாயம் பிடிக்கும், பின்னல் பிசகினால் யாரை எப்படித் திட்டுவார் என்று அவருக்கே உரியதை எழுதி, கடிகாரம் பார்த்து வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். மகள்கள் முதலில் பேசட்டும். சுடுகாட்டுக்கு வராமல் வீட்டோடு நின்றவர்களுக்கு அன்றைக்கு அழத்தான் நேரம் இருந்திருக்கும்.

கொட்டான் கொடுப்பது மட்டும் வேண்டாம் என்பேன். கல்யாணத்திலும் மணிவிழாச் சாந்தியிலும் வாங்கிப் பழகியதைத் திதி வீட்டில் வாங்க ஆச்சிமார் சிலர் தயங்குவார்கள். அவர் பாதியில் விட்ட கொட்டான் இருந்தால் அதைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓலைகளை நறுக்கவோ முடைந்து முடிக்கவோ வேண்டாம், அவர் கை நின்ற இடம் தெரியட்டும். காய்ந்த ஓலை மடங்கினால் ஒடியும், தாம்பாளத்தோடு தூக்குங்கள். விளக்கிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும், பனையோலை சட்டென்று பற்றும்.

வளவில் வானம் திறந்திருப்பதால் பகலில் புரொஜக்டர் படம் வெளுத்துவிடும். தாழ்வாரத்து நிழலில் டிவி வைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும். வழவழப்பான சுவர் எதிரொலிக்கும், ஆகவே ஒரே பெரிய ஸ்பீக்கரை அலறவிடாமல் சின்னதாக இரண்டு வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள், பெயர்ந்தால் அதே மாதிரி பூசுவது லேசில்லை. படம் நாற்காலியில் இருக்கட்டும்.

படத்தை ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்து, 12க்கு 18 அங்குலம் பெரிதாக்கும்போது முகம் மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், பழைய பிரதி என்றால் நேரில் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள்.

முழு ஏற்பாட்டையும் ஒரு தாளில் எழுதி மூத்த பங்காளி வீட்டுக்கு நேரில் எடுத்துப் போங்கள். படத்தை அவரே திறக்க வேண்டும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.