திரும்பப் போட்டுப் பார் என்கிறீர்களே, அம்மா!

கேள்வி: என் மகன் படிவம் 2 (இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு). தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன், இப்போது கணிதத்தில் சறுக்குகிறான். டியூஷனுக்கு வசதியில்லை என்று தமிழில் உள்ள கணிதப் பாட வீடியோக்களைத் தேடிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பார்ப்பதில்லை. சந்தேகம் என்று வந்தால், "அதான் வீடியோவிலேயே இருக்கே, திரும்பப் போட்டுப் பார்" என்று அனுப்பிவிடுவேன். கேம் வீடியோ என்றால் மணிக்கணக்காகப் பார்க்கிறான். எப்படித் திருத்துவது?
- ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: திருத்த வேண்டியது அவனை இல்லை அம்மா. இந்த வயதுப் பிள்ளை சந்தேகம் கேட்டு அம்மாவிடம் வருவதே அபூர்வம். வந்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்!

அவன் எங்கே நின்றிருப்பான்? படிவம் 2 காரணிப்படுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். x² + 5x + 6 என்பதை இரண்டு அடைப்புகளின் பெருக்கலாகப் பிரிக்க, பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். வீடியோவில் சட்டென்று "2, 3" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். 1, 6 ஏன் ஆகாது என்று பிள்ளை அங்கேயே நிற்பான். பெருக்கினால் 6தான், ஆனால் கூட்டினால் 7 ஆகிவிடுகிறது. அவனுக்கு வேண்டியது இந்த ஒரு வரி. பத்து முறை திரும்பப் போட்டாலும் வீடியோ "2, 3" என்றுதான் சொல்லும். கேம் வீடியோவில் இப்படி மாட்டிக்கொள்ளும் இடமே கிடையாது.

மொழியும் இடிக்கிறது. தமிழ்நாட்டு வீடியோவில் "காரணி", அவனுடைய மலாய்ப் பாடப்புத்தகத்தில் "ஃபக்தோர்". இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னார்களா? புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழை அவனையே எழுதச் சொல்லுங்கள்.

எனக்கே கணக்கு வராதே என்பீர்கள். வர வேண்டாம். இரவு 8 மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காருங்கள். படுக்கையில் வேண்டாம், அங்கே கை தானாகக் கேமுக்குப் போகும். வீடியோ 10 நிமிடத்துக்குள் இருக்கட்டும். கணக்கைச் சொன்னதும் நிறுத்தி, விடையைப் பார்க்காமல் அவன் நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஓடவிட்டு ஒப்பிடட்டும். முடிந்ததும் புத்தகத்திலிருந்து 3 கணக்கு. சும்மா பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், பேனா பிடித்தால்தான் ஓட்டை தெரியும்.

மாட்டிக்கொண்டால், "எதுவரை புரிந்தது, எனக்குச் சொல்" என்று கேளுங்கள். சொல்லும்போதே பாதி அவிழும். அவிழாததை, வீடியோவில் எத்தனையாவது நிமிடம் என்பதோடு நோட்டில் குறித்து, மறுநாள் கணித ஆசிரியரிடம் கேட்க அனுப்புங்கள். என்ன சொன்னார் என்று மாலையில் விசாரியுங்கள். பிள்ளை கேட்டால் காது கொடுப்பது பெற்றவர் கடமை, அதை யூடியூப்பிடம் தள்ளிவிட முடியாது. கடிதத்தில் அவன் அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் இருக்கிறார் என்றால் வாரத்தில் மூன்று இரவு அவர் உட்காரட்டும்.