அங்கோர் வாட் தாண்டி ஒரு நாள்: பெங் மெலியா, கோ கெர், வழிக் கிராமங்கள் – கேள்வி பதில்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் தங்கி, கூட்டம் குறைந்த பழைய கெமர் (கம்போடிய இனத்தவர்) கோயில்களையும் கிராமங்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அங்கோர் வாட், பாயோன், தா புரோம் எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் காலியாக இருக்கிறது. கோ கெர், பெங் மெலியா, பந்தியாய் ஸ்ரீ, மிதக்கும் கிராமம் நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முடியுமா?

காரில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் முடியும். கோயிலுக்குள் நின்று பார்க்க வேண்டுமென்றால் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்கே போனால் கோ கெரும் பெங் மெலியாவும். வடக்கே பிரியா டாக் கிராமம், பந்தியாய் ஸ்ரீ, க்பால் ஸ்பியன். தென்கிழக்கே ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ரொலுவோஸ் கோயில்கள், கொம்போங் க்ளியாங் ஏரிக் கிராமம், கொம்போங் க்டேய் பழைய பாலம். இவற்றில் ஒரு திசையை இன்னொன்றோடு கலந்தால் நண்பகல் வெயிலில் வீணாக ஒன்றரை மணி நேரம் சாலையில் போகும். காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பெரிய கோயில் வேண்டுமா, நுணுக்கமான சிற்பம் வேண்டுமா, ஊர் வாழ்க்கை வேண்டுமா என்று முடிவு செய்தால் திசை தானாக அமையும்.

கேள்வி: கோ கெர், பெங் மெலியா என்று முடிவு செய்துவிட்டோம். எதை முதலில் பார்ப்பது? நேரக் கணக்கு சொல்லுங்கள் சார்.

தூரமானதை முதலில் பாருங்கள். கோ கெர் சுமார் 120 கி.மீ.; இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்குள் அங்கே இருப்பீர்கள். அங்குள்ள பிரமிடு வடிவக் கோயில் நிழலே இல்லாத வெட்டவெளியில் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் அதன் படிகளில் ஏறுவது பெரும் சிரமம். பதினொன்றரை வரை கோ கெர், பிறகு தெற்கே ஸ்ராயாங் ஊரில் சாப்பாடு. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் பெங் மெலியா. அது மரநிழலில் இருப்பதால் மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை தாராளமாகச் சுற்றலாம். ஐந்து, ஐந்தேகாலுக்கு சியெம் ரீப் திரும்பிவிடலாம்.

சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் பெங் மெலியாவில் முதலில் நிற்கும். அதனால் முற்பகலில் அங்கே மரப்பாதை (பலகை நடைபாதை) நெருக்கடியாக இருக்கும். பெங் மெலியா மட்டும் போதும் என்பவர்கள் கதவு திறக்கும் ஏழரை மணிக்கே போய்விடுங்கள்.

துக்துக் வேண்டாம். மொத்தம் ஏறக்குறைய 250 கி.மீ. ஏசி கார் தேவை.

கேள்வி: டிக்கெட் விஷயம் குழப்புகிறது. பெங் மெலியாவுக்குத் தனி டிக்கெட்டா, அங்கோர் பகுதிக் கோயில்களுக்குப் பொதுவான அங்கோர் பாஸா?

முன்பு தனி டிக்கெட். 2020 முதல் பெங் மெலியா அங்கோர் பாஸுக்குள் வந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் 5 டாலர் என்று இருப்பதை நம்பிப் போனால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ் விலை ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் பாஸைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. பெங் மெலியாவுக்காக மட்டும் 37 டாலர் கொடுப்பதைவிட மூன்று நாள் பாஸின் கடைசி நாளை இதற்கு ஒதுக்குவதே லாபம்.

கோ கெர் இந்தப் பாஸில் சேராது. அதற்குத் தனியாக 15 டாலர். குலேன் மலைக்கும் தனிக் கட்டணம்தான். பந்தியாய் ஸ்ரீ, க்பால் ஸ்பியன், ரொலுவோஸ் மூன்றும் பாஸுக்குள் அடங்கும். 12 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்குப் பாஸ் வேண்டாம், ஆனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பாஸில் உங்கள் முகப்படம் அச்சாகும், ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்த முடியாது. விடியலில் கிளம்புபவர்கள் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பெங் மெலியா வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கோ கெரில் அந்தப் பிரமிடு தவிர வேறென்ன இருக்கிறது? மூன்று மணி நேரம் எதற்கு?

மூன்று மணி நேரமே குறைவு. நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டுத் தலைநகரை இங்கே வைத்தான். 928 முதல் 944 வரை கெமர் அரசின் தலைநகர் இதுதான். லிங்கபுரம் என்பது கல்வெட்டுப் பெயர். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தெற்கிலிருந்து நுழைந்தால் முதலில் பிராசாத் பிராம் (பிராசாத் என்றால் கோயில்). ஐந்து சிறு கோயில்கள், சிலவற்றை மரவேர்கள் முழுதாகக் கவ்விப் பிடித்திருக்கின்றன. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுக்கச் சிறந்த இடம் இது. அடுத்து பிராசாத் தோம். அதன் முன்பகுதியான பிராசாத் கிராஹாம் என்ற சிவப்புச் செங்கல் கோபுரத்தைக் கடந்து உள்ளே போனால், ஏழு அடுக்குப் பிரமிடு சுமார் 36 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும். பழைய கல்படிகளில் ஏறக் கூடாது. பக்கவாட்டில் மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். மேலே லிங்கம் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு குழிதான் மிச்சம்.

பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். வட்டச் சாலையில் இன்னும் சற்றுப் போனால் பிராசாத் தனேங், பிராசாத் பாலாங். இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள். ஆள் உயரத்துக்கும் மேலான லிங்கங்கள் ஆவுடையாரோடு சேர்ந்து இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கூரை போய்விட்டது, கருவறை மட்டும் இருக்கிறது. அபிஷேக நீர் வழியும் கோமுகியின் திசையைப் பாருங்கள், நம் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்குச் சட்டென்று பிடிபடும்.

பிராசாத் சென்னிலும் பத்து நிமிடம் நில்லுங்கள். பீமனும் துரியோதனனும் கதாயுதம் ஏந்திப் போரிட, மற்றவர்கள் சுற்றியிருந்து பார்ப்பதாக அமைந்த சிலைத் தொகுதி இங்கே இருந்தது. 1970களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிலைகளைக் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பீடத்தில் தங்கிய பாதங்களைப் பொருத்திப் பார்த்துத்தான் அமெரிக்காவிலிருந்த சிலைகள் இங்கிருந்து போனவை என்று உறுதியானது. துரியோதனன், பீமன், பலராமன் மூன்றும் 2014இல் நாடு திரும்பின. கோ கெர் போய்விட்டு தலைநகர் புனோம் பென்னுக்கும் போகிறவர்கள் தேசிய அருங்காட்சியகத்தைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: பெங் மெலியா ஏன் இப்படிக் குவியலாகச் சரிந்து கிடக்கிறது? குண்டு போட்டார்களா?

கட்டிய முறையிலேயே காரணம் இருக்கிறது. கெமர் கட்டடக்காரர்கள் வளைவு கட்டவில்லை. இரு பக்கச் சுவரிலிருந்தும் கற்களைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நீட்டி அடுக்கி மேலே மூடினார்கள். சாந்து கிடையாது, கல்லின் எடைதான் பிடிமானம். ஒரு கல் நகர்ந்தால் கூரை முழுக்க இறங்கும். அதோடு, செங்குத்து இணைப்புகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மாற்றி வைக்காமல் பல இடங்களில் நேர்கோட்டில் விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் வேர் நுழைந்தால் சுவர் இரண்டாகப் பிளக்கும். அங்கோர் வாட்டும் இதே முறையில்தான் எழுந்தது. ஆனால் அங்கே பிக்குகள் தொடர்ந்து இருந்தார்கள், செடி வளர விடவில்லை. பெங் மெலியாவைக் காடு எடுத்துக்கொண்டது.

இந்தக் கோயிலில் கட்டிய ஆண்டு சொல்லும் கல்வெட்டு கிடைக்கவில்லை. பாணியை வைத்து 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, இரண்டாம் சூரியவர்மன் காலம் என்கிறார்கள். தெற்கு வழியாக நுழையும்போது பாதையோரம் கிடக்கும் நாகக் கைப்பிடிச் சுவரின் தலைகளைப் பாருங்கள், செதுக்கல் இன்னும் கூர்மையாக இருக்கிறது. உள்ளே மரப்பாதையை விட்டு இறங்கிக் கற்குவியலில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், ஆடும் கல்லும் உண்டு. உள்ளூர்ச் சிறுவர்கள் வழிகாட்டுவதாக மேலே கூப்பிடுவார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள்.

கேள்வி: பந்தியாய் ஸ்ரீயில் காரைக்கால் அம்மையார் சிற்பம் இருப்பது உண்மையா? சரியாக எங்கே?

ஆய்வாளர்கள் அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். பார்த்தால் உங்களுக்கும் ஐயம் இருக்காது. கிழக்கிலிருந்து நேராக உள்ளே போங்கள். மையக் கோபுரங்களுக்கு முன்னால் வரும் கடைசி வாயில், அதாவது உட்சுற்றின் கிழக்கு வாயில். அதன் கிழக்கு முகப்பில் பல கரங்களோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு ஓரமாக, எலும்பு தெரிய, தளர்ந்த மார்போடு உட்கார்ந்திருக்கும் பெண்தான் அம்மையார். கோயில் பிரதிஷ்டையானது 967இல். கங்கைகொண்ட சோழபுரம் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் திருவாலங்காட்டுப் பேயார் என்ற நம் அம்மையார் கடல் கடந்து இங்கே வந்து அமர்ந்துவிட்டார். இதைக் கட்டியவன் அரசன் அல்ல, யக்ஞவராகன் என்ற அரசகுரு.

அதே வாயிலைத் தாண்டி இடப்பக்கம், தெற்கு நூலகம் எனப்படும் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் ராவணன் கயிலையைத் தூக்குகிறான். மேற்கில் காமன் எரிகிறான். வடக்கு நூலகத்தில் காண்டவ வனத்தின் மேல் இந்திரன் பொழியும் மழை, மறுபக்கம் கம்சவதம். மழையைச் சாய்கோடுகளாகச் செதுக்கியிருப்பதை நிதானமாகப் பாருங்கள். உட்பகுதியைக் கயிறு கட்டி மறித்திருப்பதால் சிறிய பைனாகுலர் ஒன்று கொண்டுபோனால் மிகப் பயன்படும். கோயில் கிழக்கு நோக்கியது. எட்டரைக்குள் போனால் இளஞ்சிவப்பு மணற்கல் ஒளிரும். நடுப்பகலில் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, மூட்டுவலி. எது சரிவரும்?

பந்தியாய் ஸ்ரீ சமதளம், வாயிற்படிகள் மட்டும் சற்று உயரம். ரொலுவோஸில் பிரியா கோவும் லொலேயும் எளிது. பாகோங் ஐந்தடுக்கு, கீழே சுற்றிப் பார்த்தாலே நிறைவு. பெங் மெலியாவில் மரப்பாதை வரை முடியும், படிகள் உண்டு, கைப்பிடியும் உண்டு. க்பால் ஸ்பியன் வேண்டாம். வேரும் பாறையுமாக ஒன்றரை கி.மீ. மலை ஏற வேண்டும். போகக் கூடியவர்களும் மாலை 3 மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆற்றுப்படுகையில் செதுக்கிய லிங்கங்கள் மேல் நீர் ஓடுவதைப் பார்க்க ஜூலை முதல் டிசம்பர் வரை நல்ல காலம். மார்ச்சில் போனால் ஆறு வற்றியிருக்கும்.

கேள்வி: கைடு அவசியமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

பந்தியாய் ஸ்ரீக்குப் புராணம் தெரிந்தவர் தானே பார்த்துவிடலாம். கோ கெருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகைகள் சுருக்கமானவை, கோயில்கள் சிதறிக் கிடக்கின்றன. உரிமம் பெற்ற வழிகாட்டிக்குச் சீருடையும் அடையாள அட்டையும் இருக்கும். டிரைவர் வேறு, கைடு வேறு. டிரைவர் கோயிலுக்குள் விளக்கம் சொல்லக் கூடாது. பதிவு செய்யும்போதே பார்க்க வேண்டிய கோயில்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். ‘கோ கெர்’ என்று மட்டும் போட்டால் பிரமிடோடு முடித்துவிடுவார்கள். ‘பிராம், தோம், தனேங், பாலாங், சென்’ என்று போடுங்கள். வழியில் கைவினைக் கடைகளில் நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணிவெடி பயம் இருக்கிறது. எல்லைச் சண்டையும் நடந்ததே?

கோயில்களைச் சுற்றிக் கண்ணிவெடி அகற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் நடந்து தேய்ந்த பாதையை விட்டு, சிறுநீர் கழிக்கக்கூட, காட்டுக்குள் போகாதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பிரியா விஹியர், பந்தியாய் ச்மார் கோயில்கள் இரண்டும் வேறு கதை. 2025இல் எல்லையில் சண்டை நடந்தது, தரைவழிக் கடவைகளும் மூடப்பட்டன. அந்த இரண்டையும் திட்டத்தில் சேர்க்கும் முன் அன்றைய அரசு அறிவுரையைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே சொல்லும் ஒரு நாள் வழிகள் எல்லைவரை போவதில்லை.

கேள்வி: பனங்கருப்பட்டி காய்ச்சும் கிராமம் இருக்கிறதாமே?

பந்தியாய் ஸ்ரீ போகும் வழியில் பிரியா டாக். சாலையோரமே அடுப்பு எரியும். நம் பனைமரமேதான். மூங்கில் குழாய்களில் பதநீர் இறக்குவார்கள். புளிக்காமலிருக்க நாம் சுண்ணாம்பு தடவுகிறோம், அங்கே ஒருவகை மரத்தின் சீவல்களைக் குழாயில் போடுவார்கள். அகன்ற சட்டியில் மணிக்கணக்கில் காய்ச்சி, இறுகும் பதத்தில் இறக்கி வேகமாகக் கிண்டி, ஓலை வளையங்களில் ஊற்றுவார்கள். டிசம்பர் முதல் மே வரை போனால் காய்ச்சுவதைப் பார்க்கலாம், காலை நேரம் நல்லது. வாங்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். நல்லது மெத்தென்று கரையும். கல் போல இறுகி வெளுத்திருந்தால் வெள்ளைச் சர்க்கரை கலந்தது.

கேள்வி: சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

மீன் சாறும் பிரஹோக் என்ற மீன் விழுதும் எதிலும் இருக்கும், காய்கறிப் பொரியலிலும்கூட. இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று கெமர் எழுத்தில் ஹோட்டலில் எழுதி வாங்கி ஃபோனில் வைத்துக் காட்டுங்கள். ஸ்ராயாங்கில் வெறுஞ்சோறும் வதக்கிய காயும் கிடைக்கும். ஆறாம் எண் நெடுஞ்சாலையில் மூங்கிலில் சுட்ட கிரலான் விற்கிறார்கள்: ஒட்டரிசி, பயறு, தேங்காய்ப்பால். பசி தாங்கும். சில்லறை டாலர் நோட்டுகளைக் கிழிசல் இல்லாமல் வைத்திருங்கள், சிறிது கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: கொம்போங் க்ளியாங் எந்த மாதம்?

செப்டம்பர் முதல் ஜனவரி வரை. அப்போது தொன்லே சாப் ஏரி நிரம்பி, தூண் வீடுகளின் வாசல் வரை படகு போகும். ஏப்ரலில் தண்ணீர் வடிந்து, வீடுகள் பல மீட்டர் உயரத் தூண்கள் மேல் நிற்பதைக் கீழே நடந்தே பார்க்கலாம். அதுவும் பார்க்கத் தக்கதுதான், ஆனால் புழுதி அதிகம். படகில் போகும்போது பள்ளிக் குழந்தைகளுக்கென்று அரிசி மூட்டையோ நோட்டுப் புத்தகமோ வாங்கச் சொல்லி நிறுத்தினால் வாங்காதீர்கள். பல நேரம் அது திரும்பவும் கடைக்கே போகிறது. சாப்பாட்டையும் சிற்றுண்டியையும் ஊர்க்காரர் கடையிலேயே வாங்குங்கள், பணம் நேராகப் போய்ச் சேரும். வீடுகளுக்குள் கேமராவை நீட்டும் முன் கேளுங்கள்.