துக்கடா என்றால் அற்பமா?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கச்சேரி கேட்டேன். மிருதங்கக்காரரின் தனி வாசிப்பான தனி ஆவர்த்தனம் முடிந்து ‘நாதவிந்து கலாதி’ திருப்புகழை எடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் “இனிமே துக்கடாதான்” என்று எழுந்து போய்விட்டார். பழனியாண்டவர் பாட்டை அப்படிச் சொல்லலாமா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாசகர், பண்ணைக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

இந்தியிலும் மராத்தியிலும் உள்ள ‘துக்டா’தான் அது. துண்டு என்று பொருள். தஞ்சை 1855 வரை மராட்டியர் கையில் இருந்தது. அந்த வழியாக நம் மேடைக்கு வந்திருக்கும் என்பது என் எண்ணம். கதக்கிலும் தபலாவிலும் ஒரு சிறு ஜதிக்கோவைக்கு இன்றும் அதே பெயர். ‘துக்கடா ஆசாமி’ என்று நாம் பேசிப் பழகியதால் சொல் உறுத்துகிறது. மேடையில், கச்சேரியின் கடைசிப் பகுதியில் வரும் சிறு உருப்படிகளுக்கு அது பெயர்; அளவைச் சொல்கிறது, தரத்தை அல்ல. பிரதான உருப்படி ஒரு மணி நேரம் ஓடலாம். துக்கடா நாலைந்து நிமிடம். ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலும், அங்கேயே கற்பித்துப் பாடும் கற்பனை ஸ்வரமும் பெரும்பாலும் இராது. பதம், ஜாவளி, காவடிச்சிந்து, தில்லானா எல்லாம் இங்கேதான். இன்றைய கச்சேரி முறையை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) இந்தப் பகுதிக்கும் உரிய இடம் கொடுத்தார்.

சிறியதென்றால் எளியதல்ல. நாதவிந்துவைப் பலரும் செஞ்சுருட்டியில் பாடுகிறார்கள். அந்த ராகம் மேல் ஷட்ஜத்தை (ஸ) தொடாது, கீழேயே உலவும். அதனால் மத்யம சுருதி வைப்பார்கள்: தம்புராவின் பஞ்சமத் (ப) தந்தியை மத்யமத்துக்கு (ம) இறக்கி, அந்த மத்யமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு பாடுவது. குரல் எடுப்பாகக் கேட்கும். மிருதங்கத்தை மாற்ற வேண்டாம். அதன் ஷட்ஜம் இப்போது பஞ்சமமாகப் பொருந்திவிடும். தந்தியை இறக்கினால் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலையும் மறுபடி நகர்த்த வேண்டும். அதை விட்டால் தந்தியின் ரீங்காரம் செத்துப்போகும். உங்கள் மலையில் இன்னொரு சங்கடம், மாலைப் பனி. தோல் ஈரம் இழுத்து மிருதங்கத்தின் சுருதி இறங்கியிருக்கும். தோலின் விளிம்பில் உள்ள பின்னலான ‘மூட்டு’ என்பதைக் கல்லால் தட்டிச் சுருதியை ஏற்றிய பிறகே விருத்தம் என்னும் செய்யுளைத் தொடங்க வேண்டும். தாளமில்லாத விருத்தத்தில் சுருதிப் பிசகு சட்டென்று காதில் விழும். குறிஞ்சி ராகத்துக்கும் இதே மத்யம சுருதிதான்; மலையில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம் மட்டும் துக்கடாக் கணக்கில் சேராது. சௌராஷ்டிர ராகத்தில் ‘நீ நாம ரூபமுலகு’ முடிந்தபின் எழுந்திருக்கலாம்.