அப்பா பின்னிய கூடையும் அம்மாவின் அளவும்

கேள்வி: என் அப்பா அரசுப் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பமே உலகம் என்று வாழ்ந்தார். பணி முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுவார். அம்மா ஒயரை அளந்து வெட்டிக் கொடுப்பார். எங்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடை முதல் உறவினர் வீட்டுச் சீர்க் கூடை வரை எல்லாம் அவர் கைவேலை. சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். மிஞ்சிய கூடைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாதுகாக்க நினைக்கிறேன். அம்மாவோ அவற்றில்தான் காய்கறி வாங்கி வருகிறார். ஒன்றின் கைப்பிடி அறுந்தே போய்விட்டது. கேட்டால் சண்டை. அப்பா பாதியில் விட்ட கூடையை என் மகன் பின்னி முடிக்கிறேன் என்கிறான். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்வது தவறா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி,

அம்மா ஒயரை அளந்து வெட்டிக் கொடுப்பார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஒயர் கூடையில் பாதி வேலை அந்த அளவுதான். எத்தனை ஒயர், எவ்வளவு நீளம் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வெட்ட வேண்டும். நீளம் குறைந்தால் அடி பின்னி, பக்கம் எழுப்பி, வாய் மடிக்கும் நேரத்தில் செருகுவதற்கு நுனி இருக்காது. அந்தக் கணக்கு உங்கள் அம்மாவுடையது. நீங்கள் அதை அப்பாவின் கூடை என்கிறீர்கள்; அவருக்கோ அது இருவரும் சேர்ந்து செய்த வேலை. அதைக் கடைக்குத் தூக்கிப் போவதை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டதில்தான் சண்டை பிறக்கிறது.

காய்கறி சுமந்து கூடை கெட்டுவிடாது. வெயில்தான் அதற்கு எதிரி. மொட்டை மாடியில் கிடந்தால் ஒயர் வெளிறி விறைத்துவிடும். பிறகு மடக்கினால் முறியும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வருடக்கணக்கில் உழைக்கும். முழுப் பாரமும் தொங்குவதால் கைப்பிடிதான் முதலில் போகும். அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் போடலாம், உடலைத் தொடவே வேண்டாம். 2019 ஜனவரியில் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த பிறகு கடைத்தெருவில் ஒயர் கூடைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. ஒயர் கட்டு கிடைப்பதில் சிரமம் இராது.

அலமாரி ஆசையும் தவறில்லை. உங்கள் சாப்பாட்டுக் கூடையை அதில் வையுங்கள். அதற்குள் இனி யார் டிபன் பாக்ஸ் வைக்கப் போகிறார்கள்? மற்றவற்றை அம்மாவிடம் விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பாதிக் கூடை. அதில் தொங்கும் ஒயர்களின் நீளத்தைப் பாருங்கள். கூடை எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்று உங்கள் பெற்றோர் அன்றே முடிவு செய்துவிட்டார்கள். மீதி இருப்பது முடிச்சுப் போடுகிற வேலைதான். மகன் முதலில் மிச்ச ஒயரில் ஒரு சின்னப் பர்ஸ் பின்னிச் சாதா முடிச்சைப் பழகட்டும். தாத்தா போட்டது சிவன் கண் முடிச்சா, நெல்லிக்காய் முடிச்சா என்று பாட்டி பார்த்ததுமே சொல்லிவிடுவார். ஆளுக்கு ஆள் இறுக்கம் மாறும். தாத்தாவின் வரிசை முடிந்து பேரன் வரிசை தொடங்கும் இடம் விரலால் தடவினாலே தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும், பிரித்துப் போடு என்று பையனை விரட்டாதீர்கள். (பன்னிரண்டு வயதோ இருபது வயதோ, கைபேசியை வைத்துவிட்டு முடிச்சுப் போட வருகிற பிள்ளையை யாராவது தடுப்பார்களா!)

உங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்றால், ஆண்டுத் திதி கழியட்டும் என்று அவனிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வான். இப்போது வேண்டாம் என்றால் காத்திருப்பான். தொடவே கூடாது என்றால் ஆசை விட்டுப்போகும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்த அளவுக் கூடைக்கு எத்தனை ஒயர், எத்தனை முழம் என்ற கணக்கு இப்போது அம்மாவின் நினைவில் மட்டும் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அறுந்த கைப்பிடிக்கு என்ன நிறம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.