கொமடோர் 64-உம் ஒரு பெட்டி ‘லோட்ஸ்டார்’ மாத ஃப்ளாப்பிகளும் கிடைத்திருக்கின்றன. எப்படித் தொடங்குவது? அந்தக் காலத்தில் காசு கொடுத்து இதற்கெல்லாம் யார் சந்தா கட்டினார்கள்?

நான் கட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: கொமடோர் 64 என்பது எண்பதுகளின் வீட்டுக் கணினி, லோட்ஸ்டார் அதற்கென்று ஃப்ளாப்பியிலேயே வந்த மாதப் பத்திரிகை.

அதற்கு முன் ஒரு அவசரமான விஷயம். பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது என்றும் நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து எதையும் இன்னும் பிளக்கில் சொருகாதீர்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் போட்டால் அதோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொண்டாலும், கூட வரும் கனமான கறுப்பு பவர் சப்ளையை நம்ப வேண்டாம். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், பழுது பார்க்க முடியாது. வயதானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வந்து மெமரி சிப்புகளைப் பொசுக்கிவிடும். இப்போது அதற்கென்றே புதிதாகச் செய்த பவர் சப்ளைகள் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். 1541 என்ற ஃப்ளாப்பி டிரைவுக்குத் தனி மின்வயர், அதுவும் 120 வோல்ட்தான்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. அதில் “இதற்கெல்லாம்” என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

1986-இல் கல்யாணமாகி லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் போனேன். கணவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். எனக்கு எஃப்-2 விசா, அதாவது வேலைக்குப் போகக்கூடாது. படிக்கலாம் என்றால் கட்டணம் கட்ட வழியில்லை. கார் ஒன்றுதான், அதுவும் காலையில் அவரோடு போய்விடும். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு நாள் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று அப்படி உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். படிப்பு முடித்து ஊர் திரும்பிய ஒரு மாணவர் தன் கொமடோர் 64-ஐயும் 1541-ஐயும் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். டிவியில் இணைத்ததும் நீலத் திரையில் “38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ”, அடியில் “ரெடி”, அதற்குக் கீழே கண் சிமிட்டும் ஒரு சதுரம். சரி, ரெடி, ஆனால் என்ன செய்வது? கடையில் நல்ல விளையாட்டு ஒன்று முப்பது டாலர்வரை ஆகும். எங்கள் பட்ஜெட்டில் அது இரண்டு வார மளிகை.

மலிவான வழி ஒன்று இருந்தது. ‘கம்ப்யூட்’ஸ் கெஸட்’ போன்ற பத்திரிகைகளில் நிரலை அச்சிடுவார்கள், நாமே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். மெஷின் லாங்குவேஜ், அதாவது கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதிய நிரல் என்றால் பக்கம் பக்கமாக வெறும் எண்கள். ஒரு எண் மாறினாலும் மெஷின் அப்படியே உறைந்துவிடும். அடித்ததைச் சரிபார்க்க அவர்களே ஒரு சிறு நிரல் கொடுத்தார்கள், அது பெரிய உபகாரம். ஆனாலும் முதுகு ஒடிந்துவிடும்.

அப்போதுதான் லோட்ஸ்டார் விளம்பரம் பார்த்தேன். மாதாமாதம் தபாலில் ஃப்ளாப்பி வரும், அதிலேயே பத்திரிகை, அதிலேயே நிரல்கள். எங்கள் மாநிலத்திலேயே, வடமேற்கு மூலையில் இருக்கும் ஷ்ரீவ்போர்ட் ஊரிலிருந்து வந்தது. கணவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, செக் எழுதிக் கொடுத்தார்.

அட்டை உறையைப் பிரித்து, ஃப்ளாப்பியை உள்ளே தள்ளி, டிரைவின் கதவைச் சாத்தி, லோட் "*",8,1 என்று அடித்து ரிட்டர்ன் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அப்புறம் காத்திருப்பதுதான். 1541 அவ்வளவு மெதுவானது, நொடிக்கு நானூறு பைட்கூட வராது. காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தால் மெனு தயாராக இருக்கும். தலையங்கம், வாசகர் கடிதம், சீட்டாட்டம், குறுக்கெழுத்து, சிட் என்ற ஒலிச் சிப்பில் இசை, வீட்டுக் கணக்கு எழுதும் நிரல். சில மாதம் சரக்கு சுமாராகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அதில் தங்கம் வேறொன்று. காப்பி பாதுகாப்பு எதுவும் கிடையாது. பேசிக் என்ற எளிய நிரல்மொழியில் எழுதிய நிரலை ஏற்றிவிட்டு லிஸ்ட் என்று அடித்தால் முழு நிரலும் கண்முன் ஓடும். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் மெதுவாக நகரும், வரி வரியாகப் படிக்கலாம். மெஷின் லாங்குவேஜ் என்றால் ‘சிஸ் 2061’ மாதிரி ஒற்றை வரியோடு நின்றுவிடும், அங்கே கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். திறந்திருந்த கதவெல்லாம் நான் நுழைந்து பார்த்தேன். போக் 53280,0 அடித்தால் திரையின் ஓரம் கறுப்பாகும். அந்த 0-வை 2 ஆக்கினால் சிவப்பு. ஒருவர் எழுதிய வட்டிக் கணக்கைப் பிரித்து நம் சீட்டுக் கணக்காக மாற்றினேன். பின்னால் கிரீன் கார்டு வந்ததும் எனக்கு முதல் வேலை கிடைத்தது நிரலாளராகத்தான். நேர்காணலில் கேட்ட கேள்விகளுக்கு பதில் சொல்ல வைத்தது அந்த மாத ஃப்ளாப்பிகள். கணினிப் படிப்புக்கான சான்றிதழ் எதுவும் என் கையில் இல்லை.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள் என்று தெரியும். “அப்போது எல்லோரும் காப்பி அடித்துத்தானே விளையாடினார்கள், நீங்கள் மட்டும் என்ன பெரிய யோக்கியமா?” என்று. காப்பி அடித்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. காசில்லாத மாணவர்கள், என்ன செய்வார்கள். ஆனால் பூட்டு உடைத்த விளையாட்டை லிஸ்ட் போட்டுப் படிக்க முடியாது, அதோடு எழுதியவர் யாரென்றும் தெரியாது. லோட்ஸ்டாரில் நிரல் எழுதியவர்களில் பலர் சந்தாதாரர்களே. எழுதி அனுப்பினால் காசு கொடுத்து வாங்கிப் போடுவார்கள். நான் கட்டிய சந்தாவில் ஒரு பங்கு என்னைப் போன்ற ஒருவருக்குப் போனது. இன்னொன்று, சந்தாவை நிறுத்தினாலும் வந்த ஃப்ளாப்பி என்னுடையது. இன்றைக்குச் சந்தா நின்றால் நாம் உருவாக்கிய கோப்பையே திறக்க விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டுக்கும் ‘சந்தா’ என்று ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் இளையவர்களுக்கு இது ஏமாற்று வேலை மாதிரித் தெரிகிறது.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இந்த ஏற்பாடு 1978-இலேயே தொடங்கிவிட்டது. டிஆர்எஸ்-80 என்ற கணினிக்கு ‘சிலோட்’, கொமடோர் பெட் என்ற கணினிக்கு ‘கர்சர்’. இரண்டும் மாதாமாதம் கேசட்டில் வந்தன, இரண்டும் கலிபோர்னியாவிலிருந்து. 1981-இல் ஷ்ரீவ்போர்ட்டில் ஜிம் மேங்கம் என்பவர் ஆப்பிள் 2 கணினிக்கு ‘சாஃப்ட்டிஸ்க்’ என்ற ஃப்ளாப்பிப் பத்திரிகை ஆரம்பித்தார். அப்போது ஃப்ளாப்பி விலை அதிகம். அதனால் படித்து முடித்த ஃப்ளாப்பியைத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த இதழ். வாசகர் கடிதத்தையும் அதிலேயே எழுதி அனுப்பலாம். ஃப்ளாப்பி விலை இறங்கிய பிறகு அந்த நிபந்தனை போய்விட்டது. 1984-இல் அதே நிறுவனம் கொமடோர் 64-க்கென்று தொடங்கியதுதான் லோட்ஸ்டார்.

அந்த நிறுவனத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 1990-இல் அங்கே பிசிக்கு ‘கேமர்ஸ் எட்ஜ்’ என்று விளையாட்டுச் சந்தா ஒன்றை நடத்தியவர்களில் ஜான் கார்மக், ஜான் ரோமேரோ, ஏட்ரியன் கார்மக் இருந்தார்கள். டாம் ஹால் அதே நிறுவனத்தில் வேறு பிரிவில் இருந்தார். 1991-இல் இட் சாஃப்ட்வேர் தொடங்கியவர்கள் அவர்கள்தான், 1993-இல் ‘டூம்’ என்ற விளையாட்டைக் கொடுத்தது அந்த நிறுவனம்தான். தவணை தவறாமல் சரக்கு அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில் வளர்ந்த கைகள். லோட்ஸ்டார் கதை இன்னும் பெரிது. கொமடோர் கம்பெனியே 1994-இல் திவாலானது. லோட்ஸ்டார் 2007 வரை வந்தது, மொத்தம் 249 இதழ்கள். அதை வெகுகாலம் நடத்திய ஆசிரியர் ஃபெண்டர் டக்கர். கம்பெனி போன பிறகும் வாசகர்கள் சந்தா கட்டினார்கள் என்றால், “இதற்கெல்லாம் யார்” என்ற கேள்விக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

ஒன்றை மட்டும் விட மனமில்லை. கொமடோர் 64-இல் எழுத்துருவை நாமே மாற்றலாம். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளி, அதாவது எட்டு பைட். எழுத்துகளை 12288-ஆம் முகவரிக்கு நகல் எடுத்துக்கொண்டு, 53272-ஆம் முகவரியில் திரையை வரையும் சிப்புக்கு இடத்தைக் காட்டிவிட்டால் அந்த இடத்தில் என்ன வரைந்தாலும் திரையில் வரும். எனக்கு அது புள்ளிக்கோலம் மாதிரியே இருந்தது. கணக்குத்தாளில் வரைந்து, வரிசை வரிசையாகக் கூட்டி எண்ணாக்குவேன். ‘ப’ எழுத 66, 66, 66, 66, 66, 66, 126, 0. இடது கோடு 64, வலது கோடு 2, அடிக்கோடு எல்லாம் சேர்த்து 126. ‘ட’ அதைவிடச் சுலபம். ‘ஞ’வும் ‘ணை’யும் எட்டுப் புள்ளிக்குள் அடங்காது, பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு அதில் ஒரு பொங்கல் வாழ்த்து அச்சடித்து அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் என் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன் வாழ்க்கை வரலாற்றைத் தட்டச்சு செய்ய நல்ல விலை கொடுத்து ஒரு தமிழ் மென்பொருள் வாங்கினார். அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு குறியீடு. எழுத்துக்கு எந்த எண் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள், போதாக்குறைக்கு பிரிண்டர் போர்ட்டில் சொருகினால்தான் மென்பொருள் ஓடும் என்ற டாங்கிள் வேறு. 1999 தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் என்று எழுத்துக் குறியீட்டுக்குப் பொதுத்தரம் வந்தது, பிறகு யூனிகோடும் வந்தது. ஆனால் அப்பாவின் கோப்புகள் அந்தக் கம்பெனியோடு செத்துப்போயின. கிடைத்த எந்த மாற்றியிலும் சரியாக வரவில்லை. கடைசியில் அச்சுப் பிரதியையும் குப்பை எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று நானே அட்டவணை போட்டு மீட்டேன். ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து வந்த 1986 நிரலை இன்றும் லிஸ்ட் போட்டுப் படிக்கலாம். 1996-இல் தமிழில் அடித்ததைப் படிக்க முடியவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறவே ஆறாது.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன். மெஷினைத் தொடாமல் முதலில் கணினியில் ‘வைஸ்’ எமுலேட்டர் போடுங்கள், கொமடோரைப் போலவே நடிக்கும் நிரல் அது, இலவசம். அதில் டி64 கோப்பாக, அதாவது ஃப்ளாப்பியின் முழு நகலாக இருக்கும் ஒரு லோட்ஸ்டார் இதழைத் திறந்து பழகுங்கள். லோட் "$",8 அடித்து, பிறகு லிஸ்ட் அடித்தால் ஃப்ளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வரும். கை பழகிய பிறகு உங்கள் ஃப்ளாப்பிகளை வெளிச்சத்தில் பாருங்கள். டிரைவின் படிக்கும் ஹெட் தொடுகிற நீளத் துளை வழியாகத் தெரியும் வட்டில் வெள்ளைப் புள்ளியோ படலமோ இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் ஹெட் அடைத்துக்கொண்டு அடுத்த ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாக இருப்பவற்றை, ‘ஜூம்ஃப்ளாப்பி’ என்ற அடாப்டரால் 1541-ஐ கணினியின் யுஎஸ்பியில் இணைத்து ஒவ்வொன்றாகப் படிமம் எடுத்துவிடுங்கள். பல ஃப்ளாப்பிகளில் பின்பக்கமும் பதிவு இருக்கும், திருப்பிப் போட்டு அதையும் எடுங்கள். லேபிளில் இருக்கும் இதழ் எண்களைக் கருத்துப் பகுதியில் எழுதினால், முதலில் எதைத் திறக்கலாம் என்று எனக்கு நினைவிருக்கும்வரை சொல்கிறேன்.