வௌவால் கறி தின்றால் வீசிங் போகுமா?

கேள்வி: எங்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். கண்மாய்க்கரை ஆலமரம் நிறைய பழந்தின்னி வௌவால்கள். "வௌவாலுக்கு எந்த நோயும் வராது, அதன் கறியைத் தின்றால் அந்த எதிர்ப்புச் சக்தி நமக்கும் வரும், வீசிங் போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் மாமனார் (68 வயது) ஒற்றைக்காலில் நிற்கிறார். உண்மையா? கொல்லையில் அவை கடித்துப் போட்ட கொய்யாவைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்பதால் ஆபத்து உண்டா?

பதில்: கறி வேண்டவே வேண்டாம். வீசிங்குக்கு அது மருந்தில்லை. பழந்தின்னி வௌவாலை வேட்டையாடுவது சட்டப்படியும் குற்றம்.

நோயே வராது என்பதும் சரியில்லை. வெறிநோய் வந்தால் வௌவாலும் செத்துப்போகும். ஆனால் 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேரைப் பலிகொண்ட நிபா போன்ற வைரஸ்களை உடம்பில் வைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் பறந்து திரிகிறது. இதற்குக் காரணம் அதன் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ்.

பாலூட்டிகளில் சிறகடித்துப் பறப்பது வௌவால் மட்டும்தான். பறக்கும்போது உடம்பு கடுமையாகச் சூடேறும். செல்லுக்குள் டிஎன்ஏ சேதமாகி, துணுக்குகள் இருக்கக்கூடாத இடத்தில் சிதறும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் உடம்பில் அப்படி நடந்தால் வைரஸ் நுழைந்துவிட்டதாக எண்ணி அழற்சி கிளம்பிவிடும். தினமும் இரவு அப்படி நடந்தால் எந்த விலங்கு தாங்கும்? ஆகவே பல கோடி ஆண்டுப் பரிணாமத்தில் சிதறிய டிஎன்ஏவைக் கண்டு அழற்சியைக் கிளப்பும் உணர்விகள் வௌவாலில் மட்டுப்பட்டிருக்கின்றன. 2013இல் இரண்டு வௌவால் இனங்களின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும் 'பைஹின்' மரபணுக் குடும்பமே இரண்டிலும் காணவில்லை. 2018இல் இன்னொன்று தெரிந்தது. இப்படிச் சிதறிய டிஎன்ஏ பற்றிய எச்சரிக்கையைக் கடத்தும் 'ஸ்டிங்' என்ற புரதத்தில் 358ஆம் இடத்து அமினோ அமிலம் மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலும் மாறாமல் இருக்க, வௌவால்களில் மாறிப்போய், அதன் வேகம் குறைந்திருக்கிறது. அதே சமயம் ஆஸ்திரேலியக் கருப்புப் பழந்தின்னியில் வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான் நோய் இல்லாதபோதும் சுரந்தபடியே இருக்கிறது. காவல் உண்டு, ஆர்ப்பாட்டம் இல்லை. நிபாவிலும் கோவிட்டிலும் நம் உடம்பு சில சமயம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிடுகிறது. அழற்சி என்ற அந்தத் தீதான் பலரைக் கொல்கிறது.

 

இந்த மாற்றங்களெல்லாம் மரபணுவில் இருக்கின்றன. கறியோடு உள்ளே போகும் டிஎன்ஏ, ஆட்டுக்கறியினுடையதைப் போலவே குடலில் செரித்துவிடும். ஆபத்து அதற்கு முன்னாலேயே இருக்கிறது: பிடிக்கும்போதும் அறுக்கும்போதும் ரத்தமும் எச்சிலும் கையில் படும்.

மாமனாருக்கு வந்திருப்பது ஆஸ்துமா என்றால், அது மூச்சுக்குழாயின் அழற்சி. அவருக்கு எதிர்ப்பைக் கூட்ட வேண்டியதில்லை, அழற்சியை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் செய்வது அதைத்தான். 'இன்ஹேலர் பழகிப்போகும்' என்று பயந்து நிறுத்திவிட்டு வௌவாலைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அது ஆஸ்துமாவாக இல்லாமல் சிஓபிடியாகவும் (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) இருக்கலாம். பெரியாஸ்பத்திரி நெஞ்சு நோய்ப் பிரிவில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கொய்யா விஷயம்: பல் பட்ட பழத்தை வெட்டிவிட்டுத் தின்பதும் கூடாது, அப்படியே தூரப் போடுங்கள். முழுப் பழமாக இருந்தால் நன்றாகக் கழுவித் தோல் சீவித் தரலாம். மரத்தை வெட்டவோ கூட்டத்தை விரட்டவோ வேண்டாம். கலைக்கப்பட்ட கூட்டம் வேறிடங்களில் பரவும். கீழே விழுந்த குட்டியைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்கி, பல்லோ நகமோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போய்விடுங்கள்.